ரெண்டு எடம் விட்டு எழுதறவன்

அதத்தான் சொல்ல வரேன் தங்கச்சி, மொதல்ல உக்காருங்க. ஆண்டோவுக்கு மண்ணு போட ஏன் வரலன்னு கேக்கறது நாயந்தான். யாரா இருந்தாலும் கேப்பாங்க. இருங்க, அந்த நாற்காலியத் தொடச்சுத் தரேன், இங்க எல்லாத்து மேலயும் சிமெண்டுத் தூசி. இண்டூர்ல இருந்து மொத பஸ்ஸா? சாப்புட்டீங்களா? டீ சொல்லட்டுமா? சரி, வேணாம்னா வேணாம்.

பையத் தரையில வெக்காதீங்க, லோடு வண்டி ஏறுனா தரை அதிரும். மேசை மேல வைங்க. என்னா அது, லேப்டாப்பா? ஆண்டோவோடதா? ம். சரி. அப்புடியே இருக்கட்டும்.

எனக்கு ஆறு மணிக்கே டூட்டி முடிஞ்சுதுங்க. பகல் ஆள் மாரியப்பன் வரணும், அவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான். அது வரைக்கும் வண்டி வந்தா நான் எந்திரிச்சுப் போகணும், கோச்சுக்காதீங்க. பாருங்க, சொல்லி வாய மூடல, வந்துட்டான். ஏம்ப்பா! பின் டயரு வெளிய நிக்குது பாரு. முன்னால எடு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், போதும், எறங்கு. கிளீனர் எங்க? அவனையும் எறக்கு.

இந்தத் தொப்பூர் எடை மேடைக்கு வர்ற வண்டிக்காரனுங்களுக்கு என்னைய ஆவாதுங்க. ஒரு டயரு பாதி வெளிய நின்னாலும் நான் எடை போட மாட்டேன். மத்தவனெல்லாம் போட்டு வுட்டுடுவான். எனக்கு அது முடியாது. சாமி, கோடுன்னு போட்டா கோட்டுக்கு உள்ளாற நில்லுன்னு சொல்லுவேன். அந்தப் புத்தி நல்ல புத்தின்னு இருவது வருஷமா நெனச்சுட்டு இருக்கேன்.

இந்த ஸ்கிரீன்ல நம்பர் ஓடுது பாத்தீங்களா? இப்ப ஆடுதில்ல, இன்னும் ஆடுது, இப்ப நின்னுது. நின்னப்புறந்தான் சீட்டு அடிக்கும். அந்த ஆட்டம் நிக்கற வரைக்கும் காத்திருக்கற எடம் இருக்குதே, அது உங்க வூட்டுக்காரர் எழுதினதுங்க.

ஆமாங்க. இதே புரோகிராம்தான். உங்களுக்குத் தெரியாதா? சொல்லவே இல்லியா? அவன் சொல்ல மாட்டான்.

இது கடையில விக்கற சாமான் இல்லீங்க. நானும் அவனும் எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கோ, யாரு வேணும்னாலும் உள்ள வந்து திருத்துன்னு நெட்ல தொறந்து வெச்சது. பிரேசில் தேசத்துல கரும்பு லாரி எடை போடறானுங்க இதுல. நெசமாத்தான். ஒரு பிரேசில்காரன் எங்களுக்கு எழுதுவான், எங்க ஊருக்கு வாங்கன்னு. நாங்க தருமபுரியத் தாண்டி சேந்தாப்புல போனதில்ல, எங்க பிரேசிலுக்குப் போறது.

உங்க மாமனாரு சொல்றது எனக்கும் காதுல விழுந்திருக்குதுங்க. சவுரியப்பன் ஐயாதானே? ஆண்டோகிட்ட ஃபோன்ல பேசறப்ப பின்னால சத்தம் கேக்கும். ஜெராக்ஸ் கடையில பகலெல்லாம் பொட்டியத் தட்டுன, வூட்டுக்கு வந்தும் பொட்டியத் தட்டுற, என்னத்தடா வெளைய வெச்ச அதுலன்னு. ஆண்டோ சிரிப்பான். நிலக்கடலப்பா, தோண்டுனாத்தான் தெரியும்னுவான்.

ம், சொல்லுங்க. ஞாயித்துக்கெழம முப்பதாம் நாள் பூசை. அவரு எழுதினதுல ஒரே ஒரு பக்கம் பிரிண்டு வேணும். படத்துக்குப் பக்கத்துல வெக்கணும், மாமனாருகிட்டக் காட்டணும், பாருங்க இது அவரு கையால எழுதினதுன்னு. அவ்வளவுதானே. அவ்வளவுதான்.

அதுதாங்க கொஞ்சம் செரமம்.

இல்ல, தர மாட்டேன்னு சொல்லல. இருங்க, சீட்டக் குடுத்துட்டு வந்துடறேன். இந்தாப்பா, கையெழுத்துப் போடு. இங்க இல்ல, கட்டத்துக்குள்ள போடு.

நான் பத்தாவதுங்க. கம்ப்யூட்டரு யாரும் சொல்லிக் குடுக்கல. முந்தி இங்க ஒரு புரோகிராம் இருந்துச்சு, அது நடு ராத்திரியில நின்னு போயிடும். பத்து லாரி வரிசையில நிக்கும், ஆரன் அடிப்பானுங்க, யாரக் கூப்புடறது? நானா நோண்டிக் கத்துக்கிட்டேன். தூக்கம் வராத ஆளு நான், அது ஒரு வசதி. நாலு வருஷத்துல நானே ஒண்ணு எழுதிட்டேன். எழுதி நெட்ல போட்டேன். ஒரு வருஷம் ஈ காக்கா வரல. அப்புறம் ஒரு நாள் ஒருத்தன் எழுதறான், டியர் சார், உங்க புரோகிராம்ல எடை ஆடறப்பவே சீட்டு அடிச்சுடுது, நான் திருத்தி வெச்சிருக்கேன், பாத்து சேத்துக்குங்க சார்ன்னு. இங்கிலீஷ்லதான். நானும் டியர் சார்ன்னு பதில் போட்டேன். ஆறு மாசம் இப்புடியே போச்சுங்க. நான் ஏதோ டெல்லிக்காரன்னு நெனச்சேன். அவன் என்னைய மெட்ராஸ்ல பெரிய ஆபீசர்னு நெனச்சிருக்கான். ஒரு நாள் சோதனைக்கு ஒரு சீட்டு அனுப்புறான், அதுல ஊரு இண்டூர், சரக்கு மக்காச்சோளம்னு இருக்குது. எந்த இண்டூருன்னு கேட்டேன். தருமபுரி இண்டூர் சார்ங்கறான். அடப் பாவி, நான் தொப்பூர்ல குந்தியிருக்கேன்டான்னேன். அன்னைல இருந்து சார் போயி மாதவண்ணா ஆயிடுச்சு.

நேர்ல நாலு தடவதான் பாத்தோம். பாப்பாரப்பட்டிச் சந்தையில ஒரு தடவ. அன்னைக்கு நீங்க கூட இருந்தீங்க, தக்காளி வாங்கிட்டு. நாங்க நின்னு சண்ட போட்டுட்டு இருந்தோம். என்னங்க இது, பாகப்பிரிவினையான்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்குதா?

அது எதுக்கு சண்டன்னு சொன்னா சிரிப்பீங்க. ஓரத்துல எத்தன எடம் விடறதுன்னு.

நெசமாத்தாங்க. புரோகிராம் எழுதறப்ப ஒண்ணுக்கு உள்ளாற ஒண்ணு வரும். வண்டி வந்தா இதச் செய்யின்னு ஒரு வரி, அந்தச் செய்யறது அதுக்கு அடியில கொஞ்சம் உள்ளாற தள்ளி நிக்கும். அதுக்கு உள்ளாற இன்னொண்ணு இன்னும் கொஞ்சம் தள்ளி. படிக்கறவனுக்கு எது எதுக்கு அடியிலன்னு தெரியணுமில்ல, அதுக்காக. எவ்வளவு தள்றது? நான் நாலு எடம்னேன். அவன் ரெண்டு எடம்னான். நான் வரி நூறு எழுத்து வரைக்கும் போலாம்னேன், அவன் நாப்பதுலயே ஒடிச்சு ஒடிச்சு அடுத்த வரிக்குப் போவான். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். எப்புடி எழுதினாலும் ஓடும். எடையில ஒரு கிலோ மாறாது.

அதுக்கு எதுக்கு சண்டையா? அப்புடிக் கேட்டா என்னா சொல்றது. பல பேரு எழுதற எடத்துல எல்லாரும் ஒரே மாதிரி எழுதணுங்க. இல்லன்னா இது எவன் எழுதினதுன்னு பாத்தாலே தெரிஞ்சுடும். அது தப்பு. யாரு எழுதினதுன்னே தெரியக் கூடாது, ஒரே ஆளு எழுதின மாதிரி இருக்கணும். அதுதான் ஒழுங்கு. நான் இதப் பல தடவ இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன், ஊர் உலகமே படிக்கற எடத்துல. பிரேசில்காரன் கூட கை தட்டுனான்.

ஆண்டோ ஒத்துக்கல. சும்மா ஒரே வார்த்தை. நாலு வெச்சா எனக்குப் படிக்க வராதுண்ணான்னான். அது என்னடா காரணம், படிச்சுப் பழகுன்னேன். சிரிச்சுக்கிட்டே, இல்லண்ணா, ரெண்டுதான்னான்.

கடைசியில ஒரு உடன்படிக்கை போட்டோம். அவன் எழுதின ஃபைலுல அவன் வழக்கம், நான் எழுதினதுல என் வழக்கம். எவன் எவன் எல்லைக்குள்ள போறானோ அவன் அந்த ஊர் மொறப்படி நடந்துக்கணும். இத ஒரு தாள்ல எழுதி புரோகிராமோட சேத்து வெச்சோம். மொத வரியே, இத மாத்தணும்னா ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும்னு. சும்மா எழுதறதோட இல்லீங்க, மெஷின்லயே பூட்டு. ரெண்டு பேரு ஒப்புதல் இல்லாம அந்த மாத்தம் உள்ள போவாது. ஒன்பது வருஷம் அந்தப் பூட்டு நின்னுது. கட்டுன பொண்டாட்டி கூட என்கிட்ட அவ்வளவு நாள் நிக்கல.

வண்டி. ஒரு நிமிஷம். தம்பி நேரா ஏத்து, பாம்பு மாதிரி ஏத்தாத. கர்நாடகா நம்பரா, தமிழ் வருமா? நேரவாகி, நேரவாகி! ஹாங், சாகு, போதும். நிறுத்து.

எங்க விட்டேன்? பூட்டு. ஆமா. இதுல ஒரு சங்கதி என்னான்னா, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கறதுக்கு ஒரு கருவி இருக்குதுங்க. ஒரு வரி அடிச்சு என்டர் தட்டுனா போதும். ஆறாயிரம் வரியும் மூச்சு விடற நேரத்துல நாலு நாலு எடமா போயி நின்னுக்கும். கை அரிக்கும் எனக்கு. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்னைக்கு அந்த மாத்தத்தத் தயார் பண்ணி அவனுக்கு அனுப்புவேன், இந்த வருஷமாவது பரிசாக் குடுடான்னு. பதிலே எழுத மாட்டான். கட்டைவிரலக் கவுத்து ஒரு பொம்ம இருக்குதில்ல, அத மட்டும் போடுவான். அஞ்சு நிமிஷம் ஆவாது, வந்துடும். ஒன்பது வருஷம், ஒன்பது கவுத்த வெரலு. அப்புறம் ஃபோன் பண்ணி, மாதவண்ணா, கேக்கு எடுத்து வெச்சிருக்கேன் வாங்கன்னுவான். நான் போனதில்ல. நைட் டூட்டின்னுவேன்.

மூணு வருஷம் முன்னால ஒரு தடவ நான் எல்ல தாண்டிட்டேங்க. எல்லாரும் பாக்கற எடத்துல எழுதிட்டேன். நாலு எடம் விடத் தெரியாதவன எடை போடற வேலையில எப்புடி நம்பறதுன்னு. இங்கிலீஷ்ல எழுதினா அவ்வளவு ஒறைக்காதுன்னு நெனச்சேன். மூணு மாசம் அவன் ஒரு வரி எழுதல. ஏன், அப்ப வூட்டுல எப்புடி இருந்தான்? பேசவே இல்லியா. ம். எனக்குத் தெரியாதுங்க. நாலாவது மாசம் அவனாவே வந்தான். ஒண்ணும் நடக்காத மாதிரி ஒரு பிழையத் திருத்தி அனுப்புனான். என் ஃபைலுல திருத்தம். நாலு நாலு எடம் விட்டு, கோடு மாறாம, என் வழக்கப்படி.

சரி, பொட்டியக் குடுங்க, பாக்கலாம். பாஸ்வேர்டா? எனக்குச் சொல்லாதீங்க, நீங்களே அடிங்க. சார்ஜரு அங்க சொருகுங்க.

என்னங்க இது, பாதிதான் தெரியுது? வலப் பக்கம் பூரா கறுப்பா கெடக்குதே. கீழ விழுந்துச்சா? பாப்பா போட்டுட்டாளா?

வாங்கறப்பவேவா.

பெங்களூர்ல செகண்ட் ஹேண்டு. பாதி செத்துப் போயிருந்ததால கொறச்சுக் குடுத்தானா. எப்ப அது? பாப்பா பொறக்கறதுக்கு முன்னாலயா. அப்ப பத்து வருஷம் ஆவுதே. மாத்தவே இல்லியா? பரவால்ல இதுவே போதும்னுட்டானா.

இல்ல, ஒண்ணுமில்லீங்க. எண்ணிட்டு இருக்கேன். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு. அதோட கறுப்பு.

நாலு எடம் விட்டு நாலு படி உள்ளாற போனா பதினாறு எழுத்து ஓரத்துலயே போயிடும். மிச்ச வரி கறுப்புக்குள்ள. ரெண்டு விட்டா எட்டுதான். நாப்பதுல ஒடிச்சா வெளிச்சத்துலயே முடிஞ்சுடும். படிக்க வராதுண்ணான்னு சொன்னான் தங்கச்சி. அவ்வளவுதான் சொன்னான். நான் அதத் திமிருன்னு எடுத்துக்கிட்டேன். பொட்டி ரிப்பேருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இங்க இருக்கற பழைய மானிட்டரு ஒண்ணத் தூக்கிட்டுப் போயி குடுத்திருப்பேன். அதோ பாருங்க, அந்த மூலையில. ரெண்டு கெடக்குது.

அவன் கேக்க மாட்டான். ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான்.

இதுல இருக்கறது பழைய நகலுங்க. அவன் கடைசியா மூடி வெச்சது அப்புடியே இருக்குது. இந்தா, இதுதான் அந்தப் பகுதி. எடை நிக்கற வரைக்கும் காத்திருக்கறது. மேல தமிழ்ல ஒரு குறிப்பு எழுதியிருக்கான் பாருங்க. வண்டி நின்னாலும் எடை ஒடனே நிக்காது, பொறு, அப்புடின்னு. இதையே பிரிண்டு எடுத்துடலாமா? பெரிய பேப்பரு இங்க கெடையாதுங்க. சீட்டு அடிக்கற பேப்பருதான், கையகலம். பத்துமான்னு தெரியல. அடிச்சுப் பாக்கலாம்.

சத்தமாத்தான் இருக்கும், பழைய பிரிண்டரு.

பத்துதுங்க. ஒரு வரி கூட வெட்டுப்படல. என்னோடத இதுல அடிச்சா ஓரத்துல பாதி போயிடும். அவனோடது பாருங்க, உள்ளாறயே நிக்குது.

நீட்டமா வரும், விடுங்க, வரட்டும். இழுக்காதீங்க. முடிஞ்சதும் நானே கிழிச்சுத் தரேன். இந்தப் பொட்டிய யாருகிட்டயும் குடுக்காதீங்க தங்கச்சி. சரி பண்ணித் தரேன், நெட்ல இருந்து புதுச எறக்கித் தரேன்னு எவனாவது சொன்னாலும் வேணாம்னுடுங்க. நான் சொன்னாலும்.

ஏன்னா நெட்ல இருக்கறதுல இந்த மாதிரி இல்லீங்க இப்ப.

அதோ மாரியப்பன் வரான். டேய், ஏழு மணிடா! வண்டி பஞ்சரா? உனக்கு வாரத்துக்கு மூணு பஞ்சரு. போயி மூஞ்சக் கழுவிட்டு வா, ஆளு இருக்காங்க. ஆண்டோ வூட்டம்மா. ஆமா, அந்த ஆண்டோதான்.

நீங்க வந்தவொடனே கேட்டது. கெளம்பிட்டேங்க அன்னைக்கு. டூட்டி முடிச்சுத் தூங்காமதான் கெளம்புனேன். மூணு மணிக்கு மண்ணு போடறாங்கன்னு சொன்னாங்க, நான் ரெண்டுக்கெல்லாம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். மாலை வாங்கிட்டேன். இண்டூர் பஸ்ஸு நின்னுட்டு இருந்துச்சு, கண்டக்டரு கூப்புடறான். ஏறலாம்னுதான் எந்திரிச்சேன். அப்புறம் உக்காந்துட்டேன். அந்த பஸ்ஸு போயிடுச்சு. அடுத்ததும் போச்சு.

மாலை மடியில இருந்துச்சு. அதுக்கு மேல என் லேப்டாப்ப வெச்சுத் தொறந்தேன். என்னாத்துக்குன்னு கேட்டா தெரியாது. அழுகையும் இல்ல, கோவமும் இல்லீங்க, கை சும்மா இருந்துச்சு. ரெண்டு பேரு ஒப்புதல்னு ஒரு எடத்துல போட்டிருக்கும். அந்த ரெண்ட ஒண்ணா மாத்துனேன். அது ஒரு கேள்வி கூடக் கேக்கல. அப்புறம் அந்தக் கருவிய ஓட்டுனேன். மூணு மணி அஞ்சு நிமிஷம். அப்ப அங்க குழிக்கிட்டப் போயிருப்பீங்க.

ஆறாயிரம் வரியும் நாலு நாலு எடமா நின்னுடுச்சு. எல்லாம் பச்சை டிக்கு. பத்து வருஷத்துல மொத தடவயா, தப்புன்னு காட்ட ஒரு செவப்பு இல்ல. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் கடைசியாத் தொட்டவன் பேரு நிக்கும். இப்ப நீங்க போயிப் பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் மாதவராஜ், மாதவராஜ், மாதவராஜ்தான். அவன் எழுதினது அழியலீங்க, அடியில இருக்குது, தோண்டுனா வரும். யாரு தோண்டப் போறாங்க.

முடிஞ்சுது, இருங்க, கிழிக்கறேன். மடிக்காதீங்க, சுருட்டிக்கோங்க.

தட்டி முடிச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தேங்க. அவன் வெரலக் கவுத்துக் காட்டுவானில்ல, அஞ்சு நிமிஷத்துல. டூட்டிக்குப் போற வரைக்கும் பாத்துட்டிருந்தேன். வரலீங்க.